தண்ணீரா, தரையா: எளிதில் முறியும் எலும்புக்கு எந்தப் பயிற்சி?

எலும்பு எளிதில் முறியும் பிறவி நோயான ஆஸ்டியோஜெனெசிஸ் இம்பெர்ஃபெக்டா உள்ள குழந்தைகளுக்குப் பெரும்பாலும் எலும்பின் சட்டகமான கொலாஜன் என்ற புரதத்திலேயே கோளாறு. மரபணுப் பிழைதான் அதற்குக் காரணம். எங்கே முறிந்துவிடுமோ என்று பயந்து பிள்ளையை அசையவே விடாத பெற்றோரின் மனசு புரிகிறது. ஆனால் அசையாத எலும்பு இன்னும் மெலியும். சரி, நீந்த விடலாமா, நடக்க விடலாமா?

மார்பளவு தண்ணீரில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்கும். மாவுக்கட்டுப் பிரித்த பிறகு தரையில் காலை ஊன்றவே நடுங்கும் பிள்ளை, நீச்சல் குளத்தின் விளிம்பை இறுகப் பிடித்தபடி ஒரு அடி வைக்கும். அப்புறம் ஒரு கையை மெல்ல விடும். அந்தத் தைரியத்தை வேறெதுவும் இவ்வளவு சுலபமாகத் தராது. தசையும் வலுக்கும். ஈரத்தரையில் வழுக்கினால்தான் ஆபத்து.

ஆனால் எலும்புக்குச் சுமை வேண்டும். எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள் அந்த அழுத்தத்தை உணர்ந்துதான் புது எலும்பு கட்டச் சொல்கின்றன. போட்டிக்கு நீந்துபவர்களுக்கே, ஓடிக் குதித்து விளையாடுபவர்களைவிட எலும்பு அடர்த்தி குறைவு. அதனால் நிற்பது, நடப்பது, தேவைப்பட்டால் தாங்குபட்டையோடு நடப்பது என்று தரைப் பயிற்சியும் வேண்டும். உயரத்திலிருந்து குதிப்பது, உடலை முறுக்குவது, மோதும் விளையாட்டு வேண்டாம்.

அடிக்கடி முறிவு வரும் பிள்ளைக்கு நான் தண்ணீரில்தான் தொடங்குவேன். நோய் லேசாக இருந்தால் தரையிலேயே. எதுவானாலும் பிசியோதெரபிஸ்ட் பார்த்த பிறகுதான்.