விகடகவியைத் திருப்பிப் போட்டால்: மூன்று வருடமாக ஓடும் என் ரெக்கார்டர்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெரு நண்பர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, நீங்கள் செய்தீர்களே, குரலைப் பின்னாலிருந்து பாடுகிற பெட்டி, பையனுக்கு அதுமாதிரி ஒன்று செய்யலாமா?" டர்பன் ஈரக்காற்றில் பிரட்போர்டு (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகை) துருப்பிடித்து, அப்போதுதான் எல்லாவற்றையும் வேறு போர்டுக்கு மாற்றி சால்டர் வைத்திருந்தேன், விரலில் வாசனைகூடப் போகவில்லை.

அர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கணினி போர்டு, மைக், ஒலியைப் பெருக்க எல்எம்386 சிப், குரலைச் சேமிக்க 23எல்சி1024 மெமரி சிப், அவ்வளவுதான். நொடிக்கு 8,000 சாம்பிள் (ஒலியை அளந்து எடுக்கும் எண்), ஒன்றுக்கு ஒரு பைட், ஆக மெமரி சிப் நிறைய 16 நொடி பிடிக்கும். அந்த சிப் தொடர்ச்சியாக வாசித்தால் முன்னோக்கித்தான் போகும், அதனால் பின்னோக்கிப் போக ஒவ்வொரு பைட்டுக்கும் முகவரியைப் புதிதாக அனுப்ப வேண்டும். அதில் ஒரு சிக்கலும் வரவில்லை.

என்னைப் படுத்தியது அந்த 'டக்'. ரெக்கார்டிங்கை நிறுத்தப் பொத்தானை அழுத்தும் சத்தமும் மைக்கில் விழுகிறது, திருப்பிப் போடும்போது கடைசி முதலாகிவிடுவதால் ஒவ்வொரு முறையும் குரலுக்கு முன்னால் அந்த டக்தான் வரும். மின்சாரக் கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் கெப்பாசிட்டர் மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசி 2,000 சாம்பிளை விட்டுவிட்டால் டக் போய்விடுகிறது, ஆனால் பிள்ளைகள் பேசி முடித்த கையோடு அழுத்தினால் கடைசி எழுத்தும் சேர்ந்து போகிறது. இன்றுவரை எரிச்சல்தான்.

இன்னொன்று, மின்சாரம் போனால் அந்த சிப்பில் எதுவும் தங்காது. லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்வெட்டு) நேரத்தில் அம்மா பேசிய 10 நொடி அப்படித்தான் போனது. சிப்பைக் குறை சொல்ல முடியாது, அதன் இயல்பே அது. ஆனாலும் மனது ஆறவில்லை.

அப்புறம் விகடகவி. இரண்டு பக்கமும் ஒன்றாக வாசிக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த சொல், பெட்டியில் 'இவகடகிவ்' என்று வந்தது. நம் எழுத்தில் 'வி' ஒன்று, ஒலியில் வ், இ இரண்டு. எழுத்து திரும்புவது வேறு, ஒலி திரும்புவது வேறு என்று அன்றைக்குத்தான் காதால் புரிந்தது. பிறகு பிள்ளைகள் தேடித் தேடி 'இனி' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், திருப்பினாலும் ஏறக்குறைய இனிதான்! அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நண்பரிடம் செய்ய வேண்டாம், போனிலேயே இதற்கு ஆப் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பையன் முகம் வாடியதும் என் பெட்டியையே கொடுத்தனுப்பினேன். பேசி முடித்து ஒரு மூச்சு விட்டு, மெதுவாக அழுத்தச் சொல்லியிருக்கிறேன்.