எக்ஸ்எல் என்ற எழுத்தும் என் தலையும்: ஒரு ஹெல்மெட் வாங்கிய அனுபவம்

மூன்று மாதங்களுக்கு முன் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உள்ள ஒரு கடையில் முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட் ஒன்றை வாங்கினேன். அந்த ஹெல்மெட்டைப் பற்றியும், அதைவிட முக்கியமாக அதைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பற்றியும் எழுதக் காரணம், அதற்கு முன் என்னிடம் இருந்தது எல்லா முத்திரைகளும் ஒழுங்காக உள்ள, விலையும் ஏறக்குறைய இதே அளவான, ஆனால் என் தலைக்குச் சற்றும் பொருந்தாத ஒன்று என்பதுதான். கடையின் குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். ஹெல்மெட்டின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் வேறு: என் தலைக்கு அமைந்ததை உங்கள் தலைக்கும் அமையும் என்று நம்பி அதையே தேடிப் போய்விடக் கூடாது.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் என்று ஆனபோது, பலரையும் போல நானும் அவசர அவசரமாக நடைபாதைக் குவியலிலிருந்து ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அளவு என்ன என்று விற்றவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. அது கிழிந்து நைந்த பிறகு, இணைய அங்காடி ஒன்றில் நல்லதாகப் பார்த்து எக்ஸ்எல் அளவில் ஒன்றை வரவழைத்தேன். எனக்குத் தலை பெரிது என்று சிறுவயதிலிருந்தே வீட்டில் கேலி செய்வார்கள். அளவெடுக்காமல் எக்ஸ்எல் என்று முடிவு செய்ததற்கு அதைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. வந்த பெட்டியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தபோது சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் கோளாறு என்பது பிறகுதான் புரிந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அது காற்றில் மெல்ல மேலெழும்பி, தாடைப்பட்டையை மோவாயோடு சேர்த்து இழுக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் சரிந்து புருவத்தை மறைக்கும். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் தலை திரும்பும். ஹெல்மெட் அரை நொடி கழித்துத்தான் திரும்பும். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்று விற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் அதோடு ஓட்டினேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏன் வெட்கப்பட வேண்டும் என்றால், ஹெல்மெட் வேலை செய்யும் விதம் அப்படி. வெளியே பளபளப்பாகத் தெரியும் ஓடு கூர்மையான எதுவும் உள்ளே குத்தாமல் தடுத்து, அடியின் வேகத்தைப் பரவச் செய்கிறது. உயிரைக் காப்பாற்றும் முக்கிய வேலையைச் செய்வது அதற்கு உள்ளே ஒட்டியிருக்கும், நாம் தெர்மகோல் என்று சொல்கிற வெள்ளையோ கறுப்போ ஆன அந்த அடுக்கு. மோதும் கணத்தில் அது நசுங்குகிறது. நசுங்கும் அந்தச் சில மில்லிமீட்டர் தூரத்தில் தலையின் வேகம் சிறிது சிறிதாகக் குறைகிறது. ஒருமுறை நசுங்கியது மீண்டும் எழும்பாது. தலைக்கும் அந்த அடுக்குக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால், ஓடு தரையில் பட்டு நின்ற பிறகும் தலை உள்ளே பயணம் செய்துகொண்டிருக்கும். பிறகுதான் போய் மோதும். அதற்கும் முன்னால், தொளதொளப்பான ஹெல்மெட் முதல் மோதலிலேயே கழன்று சாலையில் உருண்டுபோகவும் கூடும். அப்போது அதில் என்ன முத்திரை இருந்தது என்பதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

முத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை. இருசக்கர வாகன ஹெல்மெட்டுகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 4151 தரமும் ஐஎஸ்ஐ முத்திரையும் 2021 ஜூன் 1 முதல் கட்டாயம். முத்திரையோடு அச்சிடப்பட்டிருக்கும் உரிம எண்ணை அந்த அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தால், அந்த உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும். நடைபாதையில் ஒட்டி விற்கும் ஸ்டிக்கரிலிருந்து உண்மையானதைப் பிரித்தறிய எனக்குத் தெரிந்த எளிய வழி இதுதான். விலை கூடிய சிலவற்றில் ஈசிஇ 22.06 என்ற ஐரோப்பியத் தரத்தின் குறியும் இருக்கும்; சாய்வான தளத்தில் மோதவிட்டுத் தலை எவ்வளவு சுழல்கிறது என்று பார்க்கும் சோதனை அதில் புதிதாகச் சேர்ந்தது. ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாம் அளவெடுத்துச் செய்த ஒரு தலையுருவத்தில் ஹெல்மெட்டைச் சரியாக மாட்டிச் செய்யப்படுகின்றன. என் தலையில் அதே ஹெல்மெட் எப்படி உட்காரும் என்று எந்தச் சோதனைக்கூடமும் சான்றளிக்கவில்லை. அதை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அல்லது பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் போக வேண்டும்.

அப்படித்தான் ராயப்பேட்டைப் பக்கம், தொடக்கத்தில் சொன்ன அந்தக் கடைக்குப் போனேன். பழைய எக்ஸ்எல்லையும் கையோடு எடுத்துக்கொண்டிருந்தேன். கடையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், என்ன நிறம், என்ன விலைக்குள் என்றெல்லாம் கேட்பதற்கு முன் கழுத்தில் கிடந்த தையல்காரர் டேப்பை எடுத்து, புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே தொடங்கி, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளந்தார். 58.5 சென்டிமீட்டர் வந்தது. பிறகு என் பழைய ஹெல்மெட்டை வாங்கி உள்ளே ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். 600 மில்லிமீட்டர் என்று இருந்தது. ஒரு நிறுவனத்தின் எல், இன்னொரு நிறுவனத்தின் எம் ஆக இருக்கும் என்றும், எழுத்தை விட்டுவிட்டு இந்த மில்லிமீட்டர் எண்ணைப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு ஆண்டுகளாக என் தலைக்கு மேலேயே இருந்த அந்த எண்ணை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

அளவு தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் இந்தக் கடையின் அருமை தெரிந்தது. எனக்குச் சரியான அளவில் முதலில் தந்த ஹெல்மெட், போட்டவுடன் இறுக்கமாகவும் நன்றாகவும் இருந்தது. வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் ஒரு ஸ்டூலைக் காட்டி, "கழட்டாம பத்து நிமிஷம் உக்காருங்க சார்" என்று சொல்லிவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். ஐந்தாவது நிமிடத்தில் நெற்றியின் நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் தொடங்கியது. எட்டாவது நிமிடத்தில் தலைவலியாகிவிட்டது. கழற்றியபோது நெற்றியில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவந்திருந்தது. பக்கங்களில், நெற்றிப்பொட்டுக்கு அருகே, தடமே இல்லை. "உங்க தலை மாங்கொட்டை மாதிரி நீட்டு. இது ஆரஞ்சுப் பழத்துக்குச் செஞ்சது" என்றார். சுற்றளவு ஒன்றாகவே இருந்தாலும் தலைகள் உருண்டையாகவும், நீள்வட்டமாகவும், இரண்டுக்கும் நடுத்தரமாகவும் இருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தன் அச்சை ஏதோ ஒரு வடிவத்தை மனத்தில் வைத்துச் செய்கிறது. இந்த வடிவ வேற்றுமையைப் பெட்டியின் மேல் யாரும் அச்சிடுவதில்லை. இணையத்தில் வாங்குவதில் உள்ள உண்மையான சிக்கல் இதுதான். டேப் வைத்து அளந்து வாங்கியிருந்தாலும் நான் இதில் மாட்டியிருப்பேன்.

இரண்டாவது தந்தது வேறு நிறுவனத்தின் அதே அளவு. இதில் நெற்றி, பொட்டு, பின்மண்டை எல்லா இடத்திலும் ஒரே மாதிரியான அழுத்தம் இருந்தது. ஆனால் கன்னங்கள் இரண்டும் உதட்டை நோக்கித் தள்ளப்பட்டு, பேசினால் உட்கன்னம் பல்லில் படும் அளவுக்கு நெருக்கமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் மீன் வாய் போல இருந்தேன். கன்னத்துப் பஞ்சுத் திண்டை மெல்லியதாக மாற்றித் தரச் சொன்னேன், மறுத்துவிட்டார். கன்னத் திண்டு முதல் இரண்டு மூன்று வாரங்களில் அமுங்கிவிடும், அதனால் அங்கே தொடக்கத்தில் இறுக்கம் இருக்கத்தான் வேண்டும், நெற்றியில் தெர்மகோல் தரும் வலி மட்டும் ஒருநாளும் அமுங்காது என்பது அவர் கணக்கு. விற்க வந்தவர் விற்பனைக்கு ஒத்துப்போகாமல் நிற்பதைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வந்தது என்று சொல்ல வேண்டும்.

பிறகு சோதனைகள். தாடைப் பகுதியைப் பிடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமும் ஆட்டச் சொன்னார். ஹெல்மெட் வழுக்காமல் நெற்றித் தோலையும் கன்னத்தையும் தன்னோடு இழுத்துச் சென்றது. பட்டையை மாட்டி, மோவாய்க்குக் கீழே இரண்டு விரல் மட்டுமே நுழையும்படி இறுக்கினார். அதன்பின் பிடரிப் பக்கத்து விளிம்பில் இரு கைகளையும் வைத்து, முன்பக்கமாக உருட்டிக் கழற்ற நன்றாகவே முயன்றார். புதியது கண்ணிமைக்கு மேல் கொஞ்சம் இறங்கியதோடு நின்றுவிட்டது. அதே சோதனையைப் பழைய எக்ஸ்எல்லில் செய்து காட்டினார். பட்டை மாட்டியிருக்கும்போதே அது உருண்டு என் மூக்கை உரசிக்கொண்டு அவர் கைக்கு வந்துவிட்டது. கடையில் நின்றிருந்த இரண்டு பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதைப் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். கம்பி காதுக்கு மேல் அழுந்தினால் ஒரு மணி நேரப் பயணத்தில் தெரிந்துவிடும். என் மனைவிக்கும் அன்றே ஒன்று பார்த்தோம். கொண்டையோ கிளிப்போ இருந்தால் ஹெல்மெட் பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் சரிந்து நிற்கிறது; அதைச் சரிசெய்யப் பெரிய அளவை வாங்கும் பழக்கம் பெண்களிடம் பரவலாக இருக்கிறது என்று அந்தப் பெரியவர் குறைப்பட்டுக்கொண்டார். தாழப் பின்னல் போட்டுவிட்டுப் பார்த்ததில் அவளுக்கு நாங்கள் எண்ணியதைவிட ஓர் அளவு சிறியதே பொருந்தியது. மல்லிகைப்பூவைப் பையில் வைத்துக்கொண்டு வண்டி ஏறுகிறாள்.

கடையின் குறைகள் இவை. வண்டி நிறுத்த இடமில்லை. மின்விசிறியின் கீழே இருபது நிமிடம் ஹெல்மெட்டோடு உட்கார்ந்தால் வேர்வை வழிகிறது. பலர் போட்டுப் பார்க்கும் மாதிரிகளில் எண்ணெயும் வேர்வையும் கலந்த வாடை இருக்கிறது, தலையில் கட்டிக்கொள்ள ஒரு துணியாவது கொடுத்திருக்கலாம். அச்சிட்ட விலை ஒன்று, சொல்லும் விலை ஒன்று, பேசி முடிக்கும் விலை ஒன்று. நான் 3,400 ரூபாய் கொடுத்தேன், எனக்குப் பின்னால் வந்தவர் என்ன கொடுத்தார் என்று கேட்காமல் வந்துவிட்டேன். ரசீதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. உற்பத்தித் தேதியையும் நாமேதான் தேடிப் பார்க்க வேண்டும்; நான்கு ஆண்டுகள் அலமாரியில் இருந்த ஒன்றை முதலில் எடுத்துவந்தார்கள். உள்ளே உள்ள பொருள்கள் நாளாக ஆகத் தளர்பவை, பொதுவாக ஐந்து ஆண்டுகளில் மாற்றச் சொல்லும் ஒன்றில் நான்கைக் கடைக்கே கொடுத்துவிட்டு வாங்குவது நஷ்டம்.

ஹெல்மெட்டைப் பற்றி மூன்று மாதத்தில் தெரிந்தவை. கன்னத்து இறுக்கம் பெரியவர் சொன்னபடி மூன்றாவது வாரத்தில் தளர்ந்தது. இப்போது பேசவும் முடிகிறது, பிடிப்பும் இருக்கிறது. எண்பது கிலோமீட்டரில் தலையைத் திருப்பினால் ஹெல்மெட்டும் கூடவே திரும்புகிறது. மளிகைக்கடைத் தராசில் 1,450 கிராம் காட்டியது. ஆனால் தொளதொளவென்று இருந்த பழையதைவிட இதுதான் கழுத்துக்கு இலகுவாகப் படுகிறது, ஏனெனில் பாரம் ஆடுவதில்லை. காற்றுத் துளைகள் மே மாதத்துச் சிக்னலில் எந்தப் பயனும் தருவதில்லை. வண்டி ஓடினால்தான் உதவுகின்றன. காற்றின் இரைச்சல் எதிர்பார்த்ததைவிட அதிகம். பூட்டு, கிளிக் என்று பற்கள் ஏறும் வகை. அவசரத்துக்கு எளிது, ஆனால் நாளடைவில் பட்டை நழுவி நீள்கிறது, வாரம் ஒருமுறை விரல் நுழைத்துப் பார்த்து இழுத்துவிடுகிறேன். வண்டியின் பக்கக் கண்ணாடியில் மாட்டி வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். அது உள்ளே தெர்மகோலில் பள்ளம் விழச் செய்கிறது, பழையதில் அந்தப் பள்ளம் தெளிவாகவே இருந்தது.

போவதாக இருந்தால் வேலைநாளில் காலை பதினொரு மணிவாக்கில் போங்கள். மாலையில் கூட்டம் சேர்ந்துவிட்டால் ஸ்டூலும் கிடைக்காது, பெரியவரும் கிடைக்கமாட்டார். தலைக்கு எண்ணெய் வைக்காமல், வழக்கமாக வண்டி ஓட்டும்போது போடும் கண்ணாடியோடும், இருந்தால் பழைய ஹெல்மெட்டோடும் போங்கள். வாங்கும்போதே அந்த மாதிரிக்கான வைசரும் (முகத்துக்கு முன்னால் இறங்கும் கண்ணாடி) கன்னத் திண்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். எனக்கு வைசர் கிடைக்கும் என்றார்கள். திண்டுக்குச் சொல்லி வரவழைக்க வேண்டுமாம்.