தக்கலை ஈரத்தில் ஒரு சுருட்டுப் பெட்டி: ஓராண்டுக்குப் பின் மதிப்புரை

கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி விடுப்பில் ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்குச் சில சுருட்டுகள் கொண்டுவருவான். அவற்றை பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியில் வைப்பதே என் வழக்கமாக இருந்தது. சென்ற ஆண்டு ஆடிச் சாரலின் இரண்டாம் வாரத்தில் மூன்று சுருட்டுகளின் மேல் வெண்பஞ்சு போலப் பூசணம் படர்ந்திருப்பதைக் கண்ட பிறகுதான், 50 சுருட்டுகள் கொள்ளும் ஹியூமிடர் (உள்ளே ஈரப்பதத்தைச் சீராகக் காக்கும் சுருட்டுப் பெட்டி) ஒன்றை 4,800 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கினேன். பெட்டியில் குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அதனுடன் வந்த கையேடுதான் குளிரும் வறட்சியும் உள்ள நாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதை அப்படியே பின்பற்றியதால் முதல் மாதம் முழுவதும் வீணாயிற்று.

உட்புறம் ஸ்பானிஷ் சீடார் பலகை. ஸ்பெயினும் சீடாரும் பெயரில் மட்டுமே உண்டு. மரம் நடு அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் வளர்வது, வேம்பும் மகோகனியும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. மூடியைச் சரிபார்க்க எங்கள் தெரு ஆசாரியிடம் கொண்டுபோனபோது, அவர் உள்ளே முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம சந்தனவேம்பு மணமாக்கும் சாரே இது" என்றார். சந்தனவேம்பும் அதே குடும்பத்து மரந்தான் என்பதால் அவருடைய மூக்கின் மீது எனக்கு மதிப்புக் கூடியது. கூடவே, "இந்தத் தடி வெள்ளத்தை நல்லாக் குடிக்கும், பைய பையக் குடுக்கணும்" என்றும் சொன்னார். எங்கள் பக்கத்துப் பேச்சில் தடி என்றால் மரம், வெள்ளம் என்றால் தண்ணீர். அந்தச் சொல்லை அன்றே கேட்டிருக்கலாம்.

புதுப் பெட்டியைப் பழக்குவதன் காரணம் எளிது. காய்ந்த பலகை, உள்ளே வைக்கும் சுருட்டின் ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். மேலிலை வெடித்து, புகைக்கும்போது உரிந்து வரும். அதனால் சுருட்டை வைக்குமுன் பலகைக்கு வேண்டிய ஈரத்தைக் கொடுத்துவிட வேண்டும். மண்சட்டியைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்குவது போன்றதே இதுவும். பெட்டியின் உட்பலகையை ஈரத்துணியால் துடைத்து, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சுப் பில்லையுடன் மூன்று நாள் மூடிவைக்க வேண்டும் என்றது கையேடு. அப்போது என் அறையிலேயே ஈரப்பதம் 85 விழுக்காடு. மூன்றாம் நாள் திறந்தபோது உள்ளே 83. மேல்தட்டு உப்பிப் பெட்டிக்குள் இறுகியிருந்தது, இரு கையாலும் இழுத்தும் அசையவில்லை. துடைத்த இடங்களில் மரத்தின் இழை எழும்பி, விரல் வைத்தால் சொரசொரவென்றிருந்தது. மகனின் ஏ.சி. அறையில் மூடியைத் திறந்துபோட்டுப் பத்து இரவுகள் காயவைத்த பிறகே தட்டு வெளியே வந்தது. எழும்பிய இழை இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

சோதனைகளையும் முதலிலேயே செய்திருக்க வேண்டும். பெட்டியின் முகப்பில் பதித்திருந்த முள் ஈரமானி பார்வைக்கு அழகுதான். நம்பத்தக்கதா என்று அறிய உப்புச் சோதனை போதும். சோடா மூடியில் தூள் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில துளி நீர் விட்டு, மானியோடு சேர்த்து ஜிப் பையில் காற்றுப் புகாமல் ஓரிரவு வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். மறுநாள் காலை முள் காட்டியது 66. தனியாக வாங்கிய டிஜிட்டல் மானி 73 காட்டியது. அதனுடன் இரண்டைக் கூட்டிக்கொள்கிறேன், முள் மானியைப் பார்ப்பதே இல்லை. மூடி இறுக்கமாக அமர்கிறதா என்பதற்கு, பத்து ரூபாய்த் தாளை விளிம்பில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். மூன்று பக்கமும் பிடித்தது, கீல் இருக்கும் வலப்பின் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. ஆசாரி கீலின் திருகுகளைத் தளர்த்தி, கனமில்லாத ஒரு தாள் துண்டை அடியில் கொடுத்து முறுக்கினார். பசையோ வார்னிஷோ உள்ளே படவிடவில்லை. பட்டிருந்தால் அந்த வாடை சுருட்டில் ஏறியிருக்கும்.

நம் பக்கத்தில் ஹியூமிடர் வாங்குவோர் அந்தப் பஞ்சுப் பில்லையை எடுத்து எறிந்துவிடுவதே நல்லது. அதற்கு ஈரத்தைக் கொடுக்க மட்டுமே தெரியும், மிகுதியானதைத் திரும்ப வாங்கத் தெரியாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கும் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் நமக்குத் தேவை ஈரத்தை வாங்கிக்கொள்ளவும் தெரிந்த பொருள். குறித்த ஈரப்பதத்துக்கு ஏற்ப ஈரத்தைக் கொடுக்கவும் வாங்கவும் செய்யும் போவேடா என்ற நிறுவனத்தின் பொதிகள் அந்த வேலையைச் செய்கின்றன. 65 விழுக்காட்டுக்கான 60 கிராம் பொதி இரண்டை வைத்தேன்; பத்து நாளில் உள்ளளவு 71இலிருந்து 67க்கு இறங்கியது. மழைக்காலத்தில் பொதி கொழுத்து உள்ளே நீர் தளும்புகிறது, மாசி வாக்கில் கும்பப்பூ நெல் அறுவடைக் காலத்தில் சற்றே மெலிகிறது. விறைத்துக் கெட்டியானால் மாற்ற வேண்டும். ஓராண்டில் ஒருமுறைதான் மாற்றினேன்.

ஆனால் இந்த அறிவுரை மாவட்டம் முழுவதற்கும் பொருந்தாது. சாரல் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, அங்கே என் நண்பர் வீட்டில் ஈரத்துணியை அரைமணியில் உலர்த்திவிடுகிறது. அவருக்கு இதே பெட்டியை 84 விழுக்காட்டுப் பொதிகள் இரண்டை வைத்து, 14 நாள் திறக்காமல் பழக்க நேர்ந்தது. அந்த அளவுப் பொதி பழக்குவதற்கு மட்டுமே உரியது. சுருட்டு உள்ளே போகுமுன் வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஈரத்தைவிட எனக்குக் கவலை தந்தது வெப்பம். மேலைநாட்டார் பெட்டிக்குச் சொல்லும் 21 டிகிரி செல்சியஸ் எங்கள் வீட்டில் மார்கழி விடியலிலும் வாய்ப்பதில்லை. ஆண்டு முழுதும் 27, 28, பங்குனியில் 31. புகையிலை வண்டின் முட்டை பொரிக்க இந்தச் சூடு தாராளம். பொரித்த பிறகு குண்டூசித் தலையளவுத் துளைகள் வரிசையாகத் தோன்றும், ஒன்றிலிருந்து மற்றவற்றுக்கும் பரவும். ஆகவே தம்பி கொண்டுவரும் சுருட்டு எதுவாயினும் இரட்டை ஜிப் பையிலிட்டு, ஒருநாள் ஃப்ரிட்ஜிலும், மூன்று நாள் ஃப்ரீசரிலும், மறுபடி ஒருநாள் ஃப்ரிட்ஜிலும் வைத்து, பை பிரிக்காமலே அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பெட்டிக்குள் செல்லும். ஃப்ரீசரில் சுருட்டைக் கண்டு வீட்டில் எழும் பேச்சுக்கு நான் பொறுப்பல்ல.

பெட்டியை ஏ.சி. அறையில் வைக்கவில்லை. இரவில் குளிர்ந்து பகலில் சூடேறும் அறையில் மானியின் எண் நாளும் ஏறி இறங்குகிறது. மேற்குச் சுவரும் வெயிலும் படாத நடு அறையில், ஓட்டுக்கூரைக்கு அடியில், தரையோடு ஒட்டிய கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். அங்கே நாள் முழுதும் வேறுபாடு ஒரு டிகிரிக்கு மேல் போவதில்லை.

வாங்க எண்ணுவோர் 50 கொள்ளும் பெட்டியை நாட வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர் தீர்வையின்றிக் கொண்டுவரத்தக்கவை 25 சுருட்டுகளே. என் பெட்டி எப்போதும் பாதிக்கு மேல் காலியாகவே கிடக்கிறது, அந்தக் காலியிடத்தின் ஈரத்தையும் பொதிகளே சுமக்கின்றன. அந்தப் பணத்தில் சிறிய பெட்டி, நல்ல டிஜிட்டல் மானி, நான்கு பொதிகள் ஆகிய மூன்றையும் வாங்கிவிடலாம். விற்ற கடைக்கு மூலையில் சரியாக அமராத மூடியின் படத்தை இருமுறை அனுப்பினேன், பதில் வரவில்லை. ஆசாரி கீலுக்கு வாங்கிய கூலி ஐம்பது ரூபாய்.