பணவீக்கமா, மூளை அலையா: பெங்களூரில் ப்ராஜெக்ட் தேடும் புள்ளியியல் மாணவருக்கு

கருவி ஒன்றுதான்: 1969-இல் பொருளியலாளர் கிரேஞ்சர் தந்த காரணச் சோதனை; ஒரு தொடரின் பழைய மதிப்புகள் இன்னொன்றை முன்கணிக்க உதவுகின்றனவா என்று பார்ப்பது. தரவுதான் வேறு.

மாதாந்திரப் பணவீக்கத்தில் 10 ஆண்டுக்கு 120 புள்ளிகளே. 6 மாறிகள், 4 லேக் (பின்னோக்கிப் பார்க்கும் மாதங்கள்) என்றால் சமன்பாட்டுக்கு 25 கெழுக்கள், மாடல் திணறும். தீபாவளி வேறு அக்டோபருக்கும் நவம்பருக்கும் தாவும். 12 மாத மாற்றம் எடுத்தாலும் அது போகாது.

இஇஜி-யில் (தலையில் மின்முனைகள் வைத்து எடுக்கும் மூளை அலைப் பதிவு), 256 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 256 அளவீடுகள்), அரை வினாடியிலேயே 128 புள்ளிகள். பஞ்சமில்லை, அழுக்குதான் மிகுதி: கண் சிமிட்டல், தாடை அசைவு, 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல். இரைச்சலை வடிகட்டியால் வெட்டினால் தேவையான லேக் எண்ணிக்கை கூடும். கவனிக்காவிட்டால் இல்லாத காரணத்தொடர்பும் இருப்பதாகத் தெரியும். ஒரே மூலத்தின் அலை பல மின்முனைகளில் பரவுவது இன்னொரு தொல்லை.

முதல் ப்ராஜெக்ட்டுக்குப் பணவீக்கமே தேவலை: தரவு இலவசம். இஇஜி-க்காக, பெங்களூரின் மூளை-மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் பக்கம் ஆசையா? நெறிமுறைக் குழு அனுமதிக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.