புதுத் தகட்டுக்குப் பழைய தோற்றம்: நிஜத் துருவா, பெயிண்ட் துருவா?

புதிய இரும்புத் தகட்டைப் பழையதாகக் காட்ட இரண்டு வழிகள் உண்டு: உண்மையிலேயே துருப்பிடிக்க வைப்பது, அல்லது துருவைப் பெயிண்டில் தீட்டுவது. என் ஓட்டு நிஜத் துருவுக்குத்தான்.

எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் போக்கி, உப்புத்தாள் தேய்த்து, வினிகர் தெளித்துக் காயவிட வேண்டும். பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் உப்பைக் கரைத்துத் தெளித்தால் மேற்பரப்பு நுரைத்து, சில நிமிடங்களிலேயே ஆரஞ்சு நிறம் படரும். அந்தப் பளிச்சென்ற நிறமே புதுத் துரு என்று காட்டிக்கொடுத்துவிடும். திரும்பத் திரும்ப நனைத்துக் காயவிட்டால்தான் பழுப்பு ஆழமாகும். நீர் தேங்கும் மடிப்பிலும் ஆணித் துளையைச் சுற்றியும் அதிகம் தெளியுங்கள். மழையில் கிடக்கும் தகடும் அங்கேதான் முதலில் துருப்பிடிக்கும். பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் கலந்து வைக்கவே கூடாது. அரிக்கும் அமிலம் உருவாகும்.

துத்தநாகம் பூசிய தகடு பூச்சை நீக்காமல் இப்படிச் சிவக்காது. அலுமினியத்துக்குச் செந்துருவே கிடையாது. அங்கே பெயிண்ட்தான் கதி. அடர்பழுப்பின் மேல் பஞ்சால் திட்டுத் திட்டாக ஆரஞ்சு ஒற்றினால் தூரத்துப் பார்வைக்கு நம்பும்படி இருக்கும். கிட்டப் போனால் சொரசொரப்பு இல்லாதது தெரிந்துவிடும். ஆனால் பெயிண்ட் துரு துணியில் கறையாக ஒட்டாது, தகட்டையும் அரிக்காது. நிஜத் துருவையோ நன்கு கழுவி உலர்த்தி, பளபளப்பில்லாத வார்னிஷ் பூசியாக வேண்டும்.