கில்ட்டின் மடிப்பு ஆழம்: கட்டத்தைத் தொடர்வதா, கோட்டைப் பிடிப்பதா?

ஸ்காட்லாந்தில் ஆண்கள் அணியும் பாவாடை போன்ற மரபு உடையான கில்ட்டைத் தைக்க முற்படுபவர் முதலில் தீர்மானிக்க நினைப்பது, அதன் பின்புறத்தில் வரும் ஒவ்வொரு மடிப்பும், அதாவது ப்ளீட்டும், எத்தனை அங்குல ஆழம் இருக்க வேண்டும் என்பதைத்தான். வெற்று நிறத் துணியில் பாவாடை தைக்கும்போது அந்த அளவை விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம். வண்ணக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டங்களாக அமையும் டார்ட்டன் துணியிலோ அதைப் பெரும்பாலும் துணியே முடிவு செய்துவிடுகிறது. வண்ணக் கோடுகள் ஒருமுறை முழுதாக வந்து மீண்டும் தொடங்கும் தூரத்தை இங்கே ‘சுற்று’ என்று குறிப்பிடுகிறேன். பெரும்பாலான டார்ட்டன்களில் அது 5 முதல் 7 அங்குலத்துக்குள் அமையும். தைப்பவர் கையில் உண்மையில் இருக்கும் தேர்வு, அந்தச் சுற்றை மடிப்புக்குள் எந்த முறையில் மறைப்பது என்பதே.

முறைகள் முக்கியமாக இரண்டு. முதல் முறையில் முன்புறம் தெரியும் அதே கட்ட அமைப்பு பின்புற மடிப்புகளின் மேலும் அறுபடாமல் தொடரும். அதற்கு ஒவ்வொரு ப்ளீட்டுக்குள்ளும் சரியாக ஒரு முழுச் சுற்று மறைய வேண்டும். ஆகவே ஒரு ப்ளீட்டுக்குச் செலவாகும் துணி, ஒரு சுற்றும் வெளியே தெரியும் அகலமும் சேர்ந்ததாகும். இரண்டாம் முறையில் ஏதேனும் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து, அது எல்லா ப்ளீட்டுகளின் நடுவிலும் வரும்படி மடிப்பார்கள். இதில் தெரியும் பகுதியும் ஒரு சுற்றுக்குள் அடங்கிவிடுவதால், ஒரு ப்ளீட்டுக்கு ஒரு சுற்றுத் துணியே செலவாகும்.

இந்தச் சிறு வேறுபாடு எவ்வளவு தூரம் போகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். சுற்று 6 அங்குலம், இடுப்பெலும்பு மட்டத்தில் மடிப்புகள் நிரப்ப வேண்டிய பின்புற அகலம் 20 அங்குலம், துணி 8 கஜம், அதாவது 288 அங்குலம் என்று கொள்வோம். ஏப்ரன் எனப்படும் இரண்டு தட்டையான முன்பகுதிகளுக்கும் அவற்றை ஒட்டிய ஓர மடிப்புகளுக்கும் 56 அங்குலம் ஒதுக்கினால், ப்ளீட்டுகளுக்கு 232 அங்குலம் மிஞ்சும். கட்டத்தைத் தொடரும் முறையில் இதில் 35 ப்ளீட்டுகள் அமையும். ஒவ்வொன்றும் வெளியே சுமார் 0.57 அங்குலம் தெரியும். கோட்டைப் பிடிக்கும் முறையில் 38 ப்ளீட்டுகள் அமைந்து, தெரியும் அகலம் சுமார் 0.53 அங்குலமாகக் குறையும். வெளி விளிம்பிலிருந்து உள்மடிப்பு வரை அளந்தால் முதல் முறையில் ஆழம் ஏறத்தாழ 3.57 அங்குலம், இரண்டாவதில் 3.26 அங்குலம்.

இதே உடம்புக்கு 5 கஜம் மட்டும் வாங்கினால் மடிப்பின் ஆழம் குறையும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள், நடப்பது நேர்மாறானது. ப்ளீட்டுகளின் எண்ணிக்கைதான் முறையே 17, 20 என்று இறங்குகிறது. தெரியும் அகலம் 1.18 அங்குலமாகவும் 1 அங்குலமாகவும் விரிவதால், ஆழம் 4.18 அங்குலத்துக்கும் 3.5 அங்குலத்துக்கும் கூடுகிறது. குறைவது அடுக்குகளே: 8 கஜக் கில்ட்டின் பின்புறத்தில் எங்கு தொட்டாலும் சராசரியாகப் பதினோரு அடுக்குக்கு மேல் துணி இருக்கும், 5 கஜத்தில் ஆறு அடுக்கு இருக்கும். கஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளியில் பதினோரு அடுக்கு என்பது சாதாரணச் சுமையல்ல. அதனால்தான் மரபுத் தையலில், மடிப்புகளைத் தைத்து முடித்த பிறகு, இடுப்புக்கு அருகே உள்ளே குவியும் துணியை வெட்டி நீக்கிவிட்டு, உட்புறத்தைக் கான்வாஸ் வைத்து உறுதிப்படுத்துகிறார்கள்.

இரு முறைகளின் தரம் உண்மையில் சோதிக்கப்படும் இடம், இடையிலிருந்து இடுப்பெலும்பு வரை ப்ளீட்டுகளைத் தைத்து இறக்கும் பகுதி. இடை குறுகலாக இருப்பதால் ஒவ்வொரு ப்ளீட்டும் மேலே போகப் போகச் சற்று ஒடுங்கியாக வேண்டும். பின்புற இடை அகலம் 16.5 அங்குலம் என்றால், 35 ப்ளீட்டுகளில் ஒவ்வொன்றும் 0.1 அங்குலம் மட்டுமே இழக்கும். 17 ப்ளீட்டுகளில் ஒவ்வொன்றும் 0.2 அங்குலம் இழக்கும். கட்டத்தைத் தொடரும் முறையில் இந்த இழப்பு ஒவ்வொரு இணைப்பிலும் கட்ட அமைப்பின் ஒரு கீற்றை விழுங்குகிறது. மெல்லிய ப்ளீட்டுகளில் அது கண்ணில் படாமல் கரைந்துவிடும், அகலமான ப்ளீட்டுகளில் கட்டம் வெட்டி ஒட்டியதுபோல் தெரியத் தொடங்கும். கோட்டைப் பிடிக்கும் முறையிலோ இழப்பு கோட்டின் இரு பக்கமும் சமமாகப் பங்கிடப்படுவதால், கோடு நடுவிலேயே நிற்கும். ஆகவே 8 கஜத்துக்குக் கட்டத்தையும் 5 கஜத்துக்குக் கோட்டையும் தேர்வதே சரி என்பது என் முடிவு.

தோற்றத்தைப் பொறுத்தவரை இரண்டும் வெவ்வேறு உடைகள் என்றே சொல்லலாம். கோட்டைப் பிடித்த கில்ட்டின் பின்புறத்தில் நெடுக்கு வண்ணங்கள் பல மறைந்துவிடுவதால் கிடைப் பட்டைகள் எடுப்பாகத் தெரியும். அணிந்தவர் நடக்கும்போது மறைந்திருந்த நிறங்கள் வெளிப்பட்டு மறையும். 1794இல் திரட்டப்பட்ட கார்டன் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவின் கில்ட்டுகள் மஞ்சள் கோட்டைப் பிடித்தே மடிக்கப்பட்டன. வரிசையாக நிற்கும் வீரர்களிடம் அந்த ஒழுங்கு அழகாக இருக்கும். குடிமக்கள் உடையில் நான் கட்டத் தொடர்ச்சியையே விரும்புவேன். ஆனால் இது ரசனை சார்ந்தது, கணக்கு சார்ந்ததல்ல.

துணியை இரு பக்கமும் எதிரெதிராக உள்ளே மடித்துப் பெட்டிபோல் அமைக்கும் பாக்ஸ் ப்ளீட் இந்தப் போட்டியில் மூன்றாவதாக நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தைக்கப்பட்ட கில்ட்டுகளில் இருந்தது அதுதான். ஒரு ப்ளீட்டுக்கு ஒரு சுற்று என்று வைத்தால், தெரியும் அகலம் சுற்றில் மூன்றில் ஒரு பங்காகும்; மேற்சொன்ன அளவுகளில் 2 அங்குல அகலத்தில் 10 ப்ளீட்டுகள், மொத்தத் துணி மூன்றேகால் கஜத்துக்குள் அடங்கும், அடுக்குகளும் மூன்றே. வெயில் காலத்துக்கு இதைவிட நல்லது இல்லை.

சுற்று மிகச் சிறியதாக, 3 அங்குலமாக இருந்தால், இரண்டு சுற்றுகளை ஒன்றாகக் கருதி மேற்கண்ட கணக்கையே போடலாம். 10 அங்குலச் சுற்றுதான் சங்கடம்: 8 கஜத்திலும் கட்ட முறையில் 21 ப்ளீட்டுகளே வரும், ஆழம் 6 அங்குலத்தை நெருங்கும். அத்தகைய துணியைக் கோட்டைப் பிடித்து மடிப்பதே மேல். ஆனால் புக்கானன் போன்ற சமச்சீரற்ற டார்ட்டன்களில், கோட்டின் இரு பக்கமும் ஒரே நிறங்கள் அமையாததால், எந்தக் கோட்டை நடுவில் வைத்தாலும் ப்ளீட் ஒருபக்கம் சாய்ந்ததுபோல் தோன்றக்கூடும். அங்கே கட்டத்தைத் தொடர்வதே பாதுகாப்பானது. எந்த முறையானாலும் சுற்றை விளம்பரப் பட்டியலிலிருந்து எடுக்காமல், கைக்கு வந்த துணியில் பத்துச் சுற்றுகளைச் சேர்த்து அளந்து பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். நெசவில் கால் அங்குலம் கூடியிருந்தாலே, 35 ப்ளீட்டுகளில் அது எட்டு அங்குலத்துக்கு மேற்பட்ட துணியாகிவிடும்.