மூன்று வருஷச் சந்தா: காரைக்குடியிலிருந்து ஒரு கணக்கு

வீடியோ ஆப் ஒன்றுக்கு மாதச் சந்தா கட்ட ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. விளம்பரம் அறவே இல்லை. ராத்திரி பாட்டைப் போட்டுவிட்டுத் தூங்கலாம், நடுவில் யாரும் சோப்பு விற்க வருவதில்லை. அந்த வகையில் கொடுத்த காசு வீணில்லை.

ஆத்தா காசு கட்டாத கட்சி. “சும்மா வர்றதுக்கு எதுக்குடா காசு?” சரி என்று விட்டுவிட்டேன். ஒருநாள் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்து முட்டி வலிக்கு வீடியோ பார்த்தார். மறுநாளிலிருந்து தைலம், முட்டிப் பட்டை, எலும்பு டாக்டர் என்று வரிசைகட்டி வந்தன. “வளவுல உட்காந்து முனகுனது இதுக்கு எப்படிடா தெரிஞ்சுது?” ஒட்டுக்கேட்கவே வேண்டாம் ஆத்தா, எதைத் தேடினீர்கள், எதை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எந்த ஊர் என்பதே போதும் என்றேன். நம்பவில்லை.

நான் மட்டும் தப்பித்தேனா? வளவில் நாலைந்து தரைக்கல் பெயர்ந்துவிட்டதால், அதே பூவேலையில் ஆத்தங்குடித் தரைக்கல் கிடைக்குமா என்று தேடினேன். சந்தா ஆப்பில் விளம்பரம் வரவில்லைதான். ஆனால் திறந்தால் முகப்பு முழுக்கத் தரை போடும் வீடியோ. மற்ற ஓசி ஆப்களில் பளபள டைல்ஸ் விளம்பரம். கடைசியில் நேரில் போய், கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்ட் ஊற்றுவதைப் பார்த்து, சொல்லி வைத்து வாங்கி வந்தேன். தையில் வேலை முடிந்தது. வைகாசியிலும் டைல்ஸ் விளம்பரம் ஓயவில்லை. வாங்கியாயிற்று என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை!

விளம்பரத்தை எடுக்கத்தான் சந்தா, குறித்துவைப்பதை நிறுத்த அல்ல. பார்த்தவற்றின் பதிவை செட்டிங்ஸில் நாமே அணைக்க வேண்டும். அணைத்தேன், முகப்பு காலியாகிவிட்டது. இப்போது வேண்டியதைத் தேடித்தான் பார்க்கிறேன், பழகிவிட்டது.

வாட்ஸ்அப்புக்கு ஒரு காலத்தில் வருஷத்துக்கு ஒரு டாலர் கட்டணம் இருந்தது, 2016 ஜனவரியில் எடுத்தார்கள். அதற்கு முன்பே, 2014-ல், ஃபேஸ்புக் அதை வாங்கியிருந்தது. ‘இனி இலவசம்’ என்று நானும்தான் சந்தோஷப்பட்டேன். ஐரோப்பாவில் 2023 நவம்பரில் மெட்டா (ஃபேஸ்புக் கம்பெனியின் புதுப் பெயர்) ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பயன்படுத்துகிறவர்களிடம் நேரடியாகவே கேட்டது: மாதம் குறைந்தது 9.99 யூரோ கட்டு, இல்லையென்றால் கண்காணித்து விளம்பரம் காட்டச் சம்மதி. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இதற்காக 20 கோடி யூரோ அபராதம் போட்டது. என்னைக் கேட்டால், விலையையாவது வாய்விட்டுச் சொன்னார்கள்.

போன மாதம் குடும்பத் திட்டத்துக்கு மாறி ஆத்தா போனையும் சேர்த்தேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டார்: “அந்தத் தைலக்காரன் ஏன்டா வர்றதில்ல? வாங்கிப் பாக்கலாம்னு இருந்தேன்.”